கூட ஒரு தட்டு

சாலேம்விளையில் பெயிண்ட் கடை ஞானசிகாமணியின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆண்டவர் வந்து உட்கார்ந்த அன்று வயலட்டுக்கு இடுப்பு வலி. முந்தின நாளும் இடுப்பு வலிதான், முந்தின வருஷமும் இடுப்பு வலிதான். ஆனாலும் பின்னால் ஊர் கூடிக் கூடி அந்த நாளைப் பற்றிப் பேசி, வெளிச்சம் தெரிந்ததா, காற்றடித்ததா, வாசனை வந்ததா என்று அவளைக் குடைந்தபோதெல்லாம், அவளுக்குச் சொல்வதற்கு இருந்தது அந்த வலி ஒன்றுதான், அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. ஞானசிகாமணி சபைக் கமிட்டியின் செக்ரட்டரி, வாரத்தில் ஒரு நாளாவது மைக்கில் பேசாவிட்டால் தொண்டை கட்டிக்கொள்கிற மனிதர், ஆகவே மைக் கிடைக்காத நாட்களில் சோற்றுக்கு முன்னால் பேசினார். ஜனாதிபதியில் ஆரம்பித்து, பிஷப்பைத் தொட்டு, நோயாளிகளையும் பிரயாணிகளையும் ஒவ்வொருவராக விசாரித்து, குழம்பு ஆறி ஆடை கட்டும் வரைக்கும் நீண்டு, "ஆண்டவரே, இந்தப் பந்தியிலே எங்களோடு வந்து அமரும், எங்கள் அன்னத்தை ருசி பாரும்" என்று அந்த ஜெபம் முடியும். மேசைக்கு நேர் மேலே சுவரில் ஒரு பலகை, இந்த வீட்டுக்குத் தலைவர் ஆண்டவர்தான், இங்கே நடக்கிறதையும் பேசுகிறதையும் பார்த்துக்கொண்டிருக்கிறவரும் அவர்தான் என்று தங்க எழுத்தில் சொல்லிக்கொண்டு தொங்கும். தினமும் கூப்பிட்டால் ஒரு நாள் வந்துவிடுவார் என்று அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை. வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க என்று நாமும்தான் கூப்பிடுகிறோம், எல்லாருமா வந்துவிடுகிறார்கள்?

அந்த மேசைக்கு நாலு நாற்காலி. தலைப்பக்கம் ஞானசிகாமணி. இரண்டாவதற்கு வயலட்டுடையது என்று பெயர், ஆனால் மடித்த துணிமணிதான் அதில் குடியிருந்தது, ஏனென்றால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எல்லாரும் தின்று எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே தின்று பழகியவள். மூன்றாவதற்கு ஒரு கால் ஆடும், பரணில் சாமான் எடுக்க ஏறுவதோடு சரி. நாலாவது, ஜன்னலை ஒட்டிய ஒயர் நாற்காலி, மகள் ஜெமிமாவுடையது. ஜெமிமா வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை. வயலட் மட்டும் காலையில் அதன் தூசியைத் தட்டுவாள், தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அன்றைக்கு ஞானசிகாமணி ஆமென் சொல்லி வாயை மூடும் முன்பே அந்த நாற்காலி யாரோ இழுத்த மாதிரி பின்னால் நகர்ந்தது, ஒயர் தொய்ந்து கீழே இறங்கியது, மறுபடி மேசையை ஒட்டி முன்னால் வந்தது. ஞானசிகாமணி எழுந்து நின்றார், அப்புறம் முழங்காலில் நின்றார், அப்புறம் சோறு ஆறுகிறதே என்று உட்கார்ந்தார். வயலட் ஒன்றும் யோசிக்கவில்லை. உட்கார்ந்தவருக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அடுக்களைக்குப் போய் ஓரம் நசுங்கிய பழைய தட்டு ஒன்றை எடுத்து வந்து சோறு போட்டுச் சாளைக் குழம்பு ஊற்றினாள். சோறு உருண்டை உருண்டையாகக் குறைந்தது. மீன்முள் மட்டும் தட்டின் ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் என்று சொல்வது போல் தட்டு ஒரு விரற்கடை அவள் பக்கம் நகர்ந்ததும், அவள் மறுசோறு போட்டாள், நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் பெரிய வேலை. முதலில் ஆலயத்துப் போதகரான சபை ஐயர் வந்து பார்த்தார், பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி எப்சிபா அக்கா வந்தாள். என்ன குழம்பு வைத்தாய் என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

"சாளையா வச்ச? சாளையா? ஒரு சீலா மீன் வாங்கியிருக்கக் கூடாதா வயலட்டு? ஊரு பேரே போச்சே."

"வாராருன்னு தெரியாதே அக்கா," என்றாள் வயலட்.

மறுவாரமே சங்கத்தார் புதுத் தட்டு ஒன்று வாங்கி, அதன் அடியில் தலைவி, உபதலைவி, பொருளாளர் எல்லார் பெயரையும் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கமிட்டி கூடி, பார்க்க வருகிறவர்கள் செருப்பை வேலிக்கு வெளியே விட வேண்டும், மேசைக்கருகே செல்போன் கூடாது, தெருவாரியாக முறை வைத்து வீட்டுக்கு ஒரு கறி கொண்டுவரலாம் என்று தீர்மானம் போட்டது. கறி வந்தால் வயலட்டுக்குச் சமையல் மிச்சம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம், பாவம், அவர் வீட்டு அடுக்களை எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்காது. வந்த தூக்குச்சட்டியை வாங்க வேண்டும், சூடு பண்ண வேண்டும், பரிமாற வேண்டும், பார்க்க வந்தவர்களுக்குத் தேயிலை போட வேண்டும், தூக்குச்சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், கழுவினதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லாததால் ஒவ்வொன்றிலும் ஒரு கை அச்சுமுறுக்கோ சீனியோ போட்டு அனுப்ப வேண்டும், அந்த முறுக்கையும் அவள்தான் சுட வேண்டும். வெளியூரிலிருந்து வேனில் வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பாக்கியவதி அம்மா நீங்கள் என்று அழுதார்கள். அவளுக்கும் அழுகை வந்தது. வந்த காரணம் வேறு.

ஞானசிகாமணியின் வாழ்க்கையும் மாறத்தான் செய்தது. பக்கத்துச் சேகரங்களில், அதாவது பக்கத்து ஊர்ச் சபைகளில், சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வெள்ளை வேட்டியோடு போய்வந்தார். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு கஷ்டம். மேசையில் குரல் உயர்த்த முடியவில்லை. உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற மனிதர், இப்போது சிரித்த முகத்தோடு தின்று முடித்து, கை கழுவி, வயலட்டைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் தென்னைகளுக்கு நடுவே இருந்த மோட்டார் ரூமுக்குப் போவார். கதவைச் சாத்துவார். மோட்டாரைப் போடுவார். அந்த இரைச்சலுக்கு மேல்தான் அந்த வீட்டுச் சண்டையெல்லாம் நடந்தது, தென்னைகளும் அந்த வருஷம் நன்றாகக் காய்த்தன.

"ரசம் வச்சியா, உப்பளத்தக் கரச்சு ஊத்துனியா? அவரு முன்னால என் மானம் போவுதுட்டி."

"அவரு ஒண்ணும் சொல்லலியே."

"அவரு சொல்ல மாட்டாரு. நாமதான் அறிஞ்சு நடக்கணும்."

மோட்டார் ரூமுக்குள் அவர் வரமாட்டார் என்று இவருக்கு யார் சொன்னது என்று வயலட் கேட்கவில்லை. கேட்கவும் ஒரு தெம்பு வேண்டும்.

ஊரில் யாருக்கும் தெரியாத காரியம் ஒன்றை அவள் முதல் நாளே கண்டுபிடித்திருந்தாள். ஞானசிகாமணி சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த பிறகு மேசையை ஒதுக்க வந்தால், ஜன்னல் பக்கத்துத் தட்டு அங்கே இல்லை. அடுக்களைத் தொட்டியில் குழாய் திறந்திருந்தது. தட்டு நுரைக்குள் சுழன்றது, அலசிக்கொண்டது, கவிழ்ந்து படுத்துக்கொண்டது. தான் தின்ற தட்டைத் தானே கழுவி வைத்த ஒருவரை வயலட் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள், பார்த்தாள் என்பதும் பேச்சுக்குத்தான். போகப் போக ஞானசிகாமணியின் தட்டும் கழுவப்பட்டது, பிறகு குழம்புச் சட்டியும், பிறகு அடிப்பிடித்த பால் பாத்திரமும். வெளியே சொன்னால் அதையும் சாட்சியாக்கி மைக்கில் சொல்லிவிடுவார்கள் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. ஆண்டவரைப் பாத்திரம் தேய்க்க விட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று முதலில் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கூச்சத்தைவிட அசதி பெரிதாக இருந்தது, அதனால் அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் தூத்துக்குடியில் ஜெமிமாவுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கட்டிக்கொண்ட ரூபன் வேற்று மதத்தான் இல்லை, இதே சாலேம்விளைக்காரன்தான், இதே ஆலயத்தில் கீபோர்டு வாசித்தவன்தான், இப்போது தூத்துக்குடியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஒரே பாத்திரத்தில்தான் எல்லாரும் நற்கருணை எடுத்தார்கள், ஞானசிகாமணியின் உதடு பட்ட இடத்தில் ரூபனின் உதடும் பட்டிருக்கும். ஆனால் ரூபன் கீழத்தெரு. கீழத்தெருக்காரர்கள் இந்த வீட்டுக்கு வந்தால் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போய், வேப்பமரத்தடிப் படியில்தான் உட்காருவார்கள். ரூபனின் அம்மா வெள்ளையடிக்க வந்த காலத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து, சுவர்ப் பொந்தில் கவிழ்த்து வைத்திருந்த தனித் தம்ளரில்தான் தேயிலை குடித்தாள். ஊற்றிக் கொடுத்தது வயலட்தான். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கல்யாணத்துக்கு ஞானசிகாமணி போகவில்லை, அவளையும் விடவில்லை, மகள் பெயரை மேசையில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊர்முறை. ஏழாம் மாதத்தில் கூப்பிட்டிருக்க வேண்டும், ஒன்பதும் பிறந்துவிட்டது. வயலட் ஒரு நாள் தானாகவே மோட்டார் ரூமுக்குப் போய், தானாகவே மோட்டாரைப் போட்டுவிட்டு நின்றாள். ஞானசிகாமணி என்னவோ என்று பின்னாலேயே வந்தார்.

"நம்ம பிள்ளையக் கூப்பிடுவோம்ங்க. அவ மாமியாருக்கு இளைப்பு, நாலடி நடக்க முடியல. பேறு பாக்க அவளுக்கு ஆருமில்ல."

"அந்தப் பேச்ச எடுக்காதன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?"

"சொன்னிய. நானும் இத்தன நாளு எடுக்கல."

அவர் குரல் சட்டென்று இறங்கியது. இறங்கிய குரலில்தான் அவர் மிக மோசமான காரியங்களைச் சொல்வார். "அந்த நாற்காலில இப்பம் யாரு இருக்கான்னு தெரியும்லா ஒனக்கு? ஆண்டவர எந்திரிங்கன்னு சொல்லிட்டு அவள உக்கார வைக்கவா? சொல்லுதியா நீ?"

வயலட் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். அன்று மதியம் எல்லாம் முடிந்து குழாய் திறந்தபோது, அவள் தரையில் உட்காராமல் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சாலேம்விளையிலேயே, ஏன், அந்தச் சேகரம் முழுக்கத் தேடினாலும், அவரைப் போகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

"ஆண்டவரே, நான் உம்மக் கூப்பிடல. கூப்பிட்டது அவிய. நீரு வந்தீரு, நானும் ஒரு குறையும் வைக்கல. ஆனா நீரு உக்காந்திருக்கது எம்மக நாற்காலி. அவ சின்னப் புள்ளையில சன்னலு வழியா அணிலுக்குச் சோறு போடுத நாற்காலி. இப்பம் உம்மச் சொல்லித்தான் அவளுக்குக் கதவச் சாத்துதாவ. எந்திரிச்சுப் போயிரும் ஆண்டவரே. எனக்குக் கையும் ஓய்ஞ்சு போச்சு, மனசும் ஓய்ஞ்சு போச்சு."

குழாய் நின்றது. கடைசிச் சொட்டுகள் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. அவர் போய்விட்டார் என்று நினைத்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது, இனி இந்தப் பாத்திரமெல்லாம் நானா என்றும் ஒரு நினைப்பு வந்து, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் மறுபடி திறந்தது. அடுப்பில் அடிப்பிடித்து அவள் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த வாணலி தொட்டிக்குள் இறங்கியது.

வயலட் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிக. மத்தியானம் வா. மாப்பிள்ளையவும் கூட்டிட்டு வா."

எதிர்முனையில் ஜெமிமாவுக்கு மூச்சு வாங்கியது. "அப்பா கூப்பிட்டாவளாம்மா?"

"நான் கூப்பிடுதேன்."

"எங்கம்மா போயி உக்கார?"

"அது தெரியலம்மா. நிக்க எடமிருக்கு. வா."

அறுப்பின் பண்டிகை அன்று ஆலயத்தில் படைத்த வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் ஏலம் விட்டு முடிய வெகுநேரம் ஆனது. அதன் பிறகு ஐயரும் எப்சிபா அக்காவும் கமிட்டியார் நாலைந்து பேரும் ஞானசிகாமணி வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். ஆலயத்து பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து மேசையோடு சேர்த்துப் போட்டிருந்தது. ஜன்னலோர நாற்காலியின் ஒயர் ஏற்கெனவே தொய்ந்திருந்தது. பெயர் வெட்டின தட்டில் சோறும் ஆட்டுக்கறியும் போட்டு வைத்துவிட்டு, வயலட் அடுக்களை வாசலில், முன்வாசலும் பின்வாசலும் தெரிகிற இடத்தில் நின்றாள். ஞானசிகாமணி ஜெபத்தை ஆரம்பித்தார். பண்டிகை நாள், ஐயர் வேறு எதிரில் இருக்கிறார், சுருக்கமாக முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். கண்களை மூடிக்கொண்டார்கள்.

ஜெபம் விளைநிலங்களுக்கு வந்தபோது ஆட்டோ சத்தம் கேட்டது. ஜெமிமா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றாள், கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரூபன் முன்வாசலுக்கு வரவில்லை. அவனுக்கு இந்த வீட்டின் வழி தெரியும். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போய், வேப்பமரத்தடியில், அவன் அம்மா உட்கார்ந்த அதே படியில் உட்கார்ந்தான்.

கண் மூடாதவள் வயலட் ஒருத்திதான், ஆகவே நடந்ததைப் பார்த்தவளும் அவள்தான். ஒயர் நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. தொய்ந்திருந்த ஒயர் நிமிர்ந்தது. சோறும் கறியுமாக அந்தத் தட்டு மேசையைவிட்டு எழும்பி, ஐயரின் தோளை உரசாமல் தாண்டி, அவளை நோக்கி வந்தது. அவள் விலகி வழிவிட்டாள். அவளைக் கடந்தபோது வாசனை வந்தது, ஊர் கேட்டுக் கேட்டு அலுத்த அந்த வாசனை, பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை. தட்டு பின்வாசல் வழியாகப் போய் ரூபனுக்குப் பக்கத்தில் படியில் இறங்கியது. அவன் பதறி எழுந்தான். தட்டிலிருந்து ஒரு உருண்டைச் சோறு மறைந்ததும் மெதுவாக உட்கார்ந்தான். வயலட் அவனுக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டுபோய் வைத்தாள், பொந்திலிருந்த அந்தப் பழைய தம்ளரை எடுத்துக் குப்பையில் எறிந்தாள். பிறகு முன்வாசலுக்குப் போய் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

"... இந்தப் பந்தியிலே எங்களோடு வந்து அமரும், எங்கள் அன்னத்தை ருசி பாரும், ஆமென்" என்று கண் திறந்த ஞானசிகாமணியின் எதிரில் மகள் இருந்தாள்.

ஐயர்தான் கேட்டார். "அம்மா, அவர் எங்கே?"

"பின்னால படியில இருக்காரு ஐயரே. ரூபன் கூட சாப்பிடுதாரு."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டிக்கொண்டார். தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கமிட்டியார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், செக்ரட்டரியைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தட்டோடு எழுந்தார்கள். தரையில் உட்கார மூட்டு ஒத்துழைக்காத எப்சிபா அக்கா, அடுக்களையிலிருந்த முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனாள். அவ்வளவு பெரிய மேசையில் அப்பனும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஜெமிமா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், வாயில் வைக்கவில்லை. ஞானசிகாமணி மேசைக்கடியில் தெரிந்த அவள் கால்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று வயலட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபப்படுவதும் ஒரு வேலைதான், இத்தனை வருஷம் விடாமல் பார்த்தால் யாருக்கும் அசந்துதான் போகும்.

அவர் எழுந்து பின்வாசலுக்குப் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். படியில் இரண்டு தட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தன, இரண்டிலும் சோறு குறைந்துகொண்டிருந்தது. பேச வாயெடுத்தார், மைக் முன்னால் ஒரு நாளும் தடுமாறாத வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"வெயிலு அடிக்கி," என்றார் ரூபனின் முகத்தைப் பார்த்து. "உள்ள வந்து உக்காரும்."

வேப்பமரம் அந்த முற்றம் முழுக்க நிழல் கட்டியிருந்தது. கமிட்டியார் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்கள்.

"சரி மாமா," என்றான் ரூபன். அதற்கு முன்னால் அவரை அவன் செக்ரட்டரி ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

ரூபன் தட்டோடு உள்ளே வந்தான். ஆலயத்து பெஞ்சை விட்டால், வீட்டு நாற்காலிகளில் கால் ஆடுவதுதான் காலியாக இருந்தது. ஞானசிகாமணி ஒரு பெயிண்ட் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, முட்டி நோகக் கீழே குனிந்து, அவன் காலுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலிக்கு முட்டுக் கொடுத்தார். எழுந்தவர் அடுத்த நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளினார், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே, "நீயும் உக்காருட்டி" என்றார். வயலட் உட்கார்ந்து தின்றாள். உட்கார்ந்து தின்றால் சோறு இவ்வளவு இறங்குமா என்று இருந்தது.

அதன் பிறகு மகளுக்குப் பக்கத்தில் பாயில் சும்மா ஒரு நிமிஷம் சாய்ந்தாள், சாய்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது தேயிலை நேரமும் தாண்டியிருந்தது. இத்தனை பேர் தின்ற பாத்திரம் கிடக்கிறதே என்று அடுக்களைக்கு ஓடினாள்.

தொட்டி காலியாக இருந்தது. தட்டுகளெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஆண்டவர் கழுவின தட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் மஞ்சள் போகவில்லை, அடியில் நுரை அப்படியே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். டர்பன்டைன் வாசனை அடித்தது, பெயிண்ட் கடை வாசனை.

எல்லாவற்றையும் மறுபடி கழுவத்தான் வேண்டும். வயலட் அந்தத் தட்டை முந்தானையால் ஒரு முறை துடைத்து, அப்படியே கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினாள்.